இரு திசையில் ஓடும் நீர்
களனிக் கரையிலிருந்து ஒரு காலை நடை

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் கொழும்பிலே குடியிருக்கும் பெற்றோருக்கு ஒரு கவலையும் கூடவே வந்துவிடுகின்றது. பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது? காலிமுகத்திடலிலே சனக்கூட்டம், மலைநாட்டுக்குப் போய்வர ஒருநாட் பொழுது போதாது. காசு அதிகம் செலவாகாமலும், வீட்டிலுள்ள முதியோரின் கால்கள் நோகாமலும் சென்றுவரத்தக்க வழியொன்று நகரத்தின் வாசலிலேயே இருக்கின்றது. களனி கங்கையிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் ஹமில்டன் கால்வாயின் கரையே அது.

சிவனொளிபாத மலைப் பகுதியிலே தோன்றி, ஏறக்குறைய 145 கிலோமீற்றர் ஓடிவரும் களனி கங்கை, கொழும்பின் வடவெல்லையிலே கடலோடு கலக்கின்றது. முகத்துவாரம் என்று நம்மவர் வழங்கும் ஊர்ப்பெயரே இதற்குச் சான்று. மட்டக்குளியிலிருந்து ஆற்றைக் கடந்து வத்தளைப் பக்கம் சேர்ந்தால், கடல்வாய்க்கு அண்மையில் கங்கையினின்று பிரியும் கால்வாயைக் காணலாம். அங்கிருந்து நீர்கொழும்புக் களப்பு வரை அதன் நீளம் 14.5 கிலோமீற்றர். முழுவதையும் நடக்க வேண்டியதில்லை. இரண்டு கிலோமீற்றர் சென்று திரும்பினாற் போதும். ஏற்றமுமில்லை, இறக்கமுமில்லை, பாட்டிமாரும் பேரப்பிள்ளைகளும் ஒன்றாகவே நடக்கலாம்.

நாங்கள் சென்ற நாளில், காலை ஆறரை மணிக்கே நடக்கத் தொடங்கிவிட்டோம். இடப்பக்கம் தென்னந்தோப்புகளுக்கு அப்பாற் கடலின் இரைச்சல், வலப்பக்கம் கால்வாய். மீனவர் தம் வள்ளங்களைக் கரையிற் கட்டி வலை உலர்த்திக்கொண்டிருந்தனர். நீர்க்காகமொன்று சிறகை விரித்து வெயில் காய்ந்தது. கபரகொய்யா ஒன்று நீரைக் கிழித்து நீந்திச் செல்லக் கண்ட என் மகள், முதலையென்று அஞ்சித் தன் பாட்டியின் சேலைத்தலைப்பைப் பற்றிக்கொண்டாள். அவள் அச்சம் முற்றிலும் பிழையன்று. இக்கால்வாயை அடுத்துள்ள சதுப்பு நிலத்தில் முதலைகளும் உண்டு. ஆகையாற் சிறுவரை நீரில் இறங்க விடலாகாது.

சிறிது தேறியதும் அவள் பலாவிலை ஒன்றை நீரில் மிதக்கவிட்டாள். அது எங்களோடு வடக்கே நகர்ந்தது. ஒன்றரை மணி நேரத்தின் பின் திரும்பி வருகையில் மற்றோர் இலையை விட்டாள். அதுவோ தெற்கே நகர்ந்தது! “அப்பா, தண்ணீருக்கு வழி தெரியாதா?” என்றாள். வள்ளத்திலிருந்த முதியவர் சிரித்தார். “வழி தெரியும், பிள்ளை. கடல் பெருகினால் உள்ளே வரும், வற்றினால் வெளியே போகும்” என்றார்.

அம்முதியவர் சொன்ன சிறு விளக்கத்திலே இக்கால்வாயின் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கின்றது. கிழக்கே பரந்து கிடக்கும் முத்துராஜவெல என்னும் சதுப்பு நிலம் ஏறக்குறைய 3,000 ஹெக்டேயர் பரப்புடையது. கோட்டை அரசர் காலத்தில் அது நெல் விளைந்த பூமி என்பர். பழைய கால்வாய்களின் வழியே கடலின் உப்புநீர் உட்புகுந்தமையால் வயல்கள் பாழாயின. ஒல்லாந்தருக்குப் பின் வந்த ஆங்கிலேயர், அவ்வுப்பு நீரை வடித்துவிடும் எண்ணத்துடன் 1802ஆம் ஆண்டிலே தொடங்கி 1804ஆம் ஆண்டிலே இக்கால்வாயை முடித்தனர். அப்போது வருவாய், வர்த்தக அதிபராயிருந்த கவின் ஹமில்டன் என்பாரின் பெயர் இதற்கு இடப்பட்டது. படகுகள் ஓடின, பண்டங்கள் சென்றன. ஆனால், வயல்கள் மீளவில்லை. நீர் வெளியேறுவதற்கென்று மனிதன் திறந்த வாயில், அது உள்ளே வருவதற்கும் வாயிலாகவே அமையும்.

எனினும், நெல்லை இழந்த அந்நிலம் வீணாகிவிடவில்லை. கண்டல் மரங்களும் பறவைகளும் மீன்குஞ்சுகளும் அதனைத் தம் வீடாக்கிக்கொண்டன. மழைவெள்ளத்தைத் தன்னுள் ஏந்தி, அயலிலுள்ள ஊர்களைக் காக்கும் தொண்டையும் அது செய்கின்றது. 1996ஆம் ஆண்டிலே அதன் ஒரு பகுதி சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அப்படியிருந்தும், மண்ணிட்டு நிரப்புவோரும் குப்பை கொட்டுவோரும் இன்னும் ஓயவில்லை.

இது அயலூர்க் கதையென்று கொழும்பு வாசிகள் எண்ணுதல் தகாது. வரட்சிக் காலத்திலே களனியில் நீர் குறையும்போது, அதே உப்புநீர் ஆற்றின் வழியே மேலேறி, நகரத்துக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தளை வரை எட்டுவதுண்டு. அதைத் தடுத்து நிறுத்த அங்கே ஆற்றின் குறுக்கே தடுப்பணை தேவைப்பட்டது. நம் வீட்டுக் குழாயில் வரும் நீர் இனிப்பதும் கரிப்பதும் அந்த ஆற்றின் நலத்தைப் பொறுத்ததே.

அன்பர்களே, நீங்களும் ஒருமுறை சென்று வாருங்கள். வெயில் ஏறுமுன் புறப்படுங்கள். தொப்பியும் குடிநீரும் கட்டுச்சோறும் மறவாதீர்கள். கரையோரம் நடக்கையிற் சிறுவரின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பஸ் வண்டிக்காகக் காத்து நின்றபோது, என் மகள் இனிப்புச் சுற்றியிருந்த கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு கால்வாயைப் பார்த்தாள். பிறகு அதை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். “போட்டால் திரும்பி வரும், அப்பா” என்றாள்.