குடிபெயர்ந்த சர்வர்

கணிப்பொறி என்றவுடன் திரையும் விசைப்பலகையுமே நம் நினைவுக்கு வருகின்றன. பூட்டிய அறையில் இரவு பகலாக உழைக்கும் சர்வரை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. எங்கள் துறையின் சர்வரில் மாணவர்களின் அகமதிப்பீட்டு மதிப்பெண்கள் இருந்தன. அதனை இயக்கி வந்தது 2014இல் வெளிவந்த சென்ட்ஓஎஸ் 7 என்னும் லினக்ஸ் வகை.

2024 ஜூன் 30ஆம் நாளோடு அவ்வகைக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிட்டது. "ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, மாற்றுவானேன்?" என்று முதலில் நானும் கேட்டேன். புதிதாகக் காணப்படும் ஓட்டைகள் உலகறிய வெளியிடப்படுகின்றன. அடைத்துத் தருவோர்தாம் இல்லை. பூட்டின் குறை ஊருக்கே தெரிந்தபின் அக்கதவை நம்பி உறங்கலாமா?

சென்ட்ஓஎஸ் 8க்கு மாறலாமென்றால், அதன் ஆயுள் 2021 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. அவ்விடத்தை நிரப்ப அதே ஆண்டில் தோன்றியவையே அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும். 2032 மே வரை திருத்தங்கள் கிடைக்கக்கூடிய அல்மாலினக்ஸ் 9ஐ நாங்கள் தேர்ந்தோம்.

மாற்றுவதற்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, இருந்த இடத்திலேயே 7இலிருந்து 8, பின்னர் 9 எனப் படிப்படியாக ஏறுவது. மற்றொன்று, வேறொரு கணிப்பொறியில் புதிதாக நிறுவி, தகவல்களை அங்குக் கொண்டு சேர்ப்பது. இரண்டாவதில் வேலை மிகுதி. ஆயினும் தவறு நேர்ந்தால் பழையது கைவசம் இருக்கும். எனவே அதனையே மேற்கொண்டோம்.

ஒத்திகையில் இரண்டு இடர்கள் தலைகாட்டின. எங்கள் நிரல்கள் பிஎச்பி 5.4க்கு எழுதப்பட்டவை, புதியதில் இருப்பதோ 8.0. தரவுத்தளத்தோடு பேசும் பழைய கட்டளைகள் 2015இல் வந்த பிஎச்பி 7இலேயே நீக்கப்பட்டிருந்தன. அவற்றைத் திருத்தி எழுதினோம்.

அடுத்தது என்னை உண்மையிலேயே நடுங்க வைத்தது. தமிழில் பதிந்திருந்த மாணவர் பெயர்கள் அனைத்தும் புரியாத கிறுக்கல்களாகத் தெரிந்தன! மதிப்பெண் இருக்கிறது, யாருடையது என்பது இல்லை. காரணம், யுனிகோடு எழுத்துகளைப் பழைய தரவுத்தளம் 'லத்தீன்-1' என்ற தவறான பெயர்ச்சீட்டின்கீழ் வைத்திருந்ததே. லத்தீன்-1 என்றே குறிப்பிட்டு நகலை மீண்டும் எடுத்து, சீட்டை மட்டும் யுனிகோடு என மாற்றி ஏற்றியதும் பெயர்கள் உயிர்பெற்றன.

அந்த நகல் பல மாதங்களாக எங்களிடம் இருந்ததுதான். ஒருமுறையேனும் அதனைத் திறந்து மீட்டுப் பார்த்ததில்லை. பழைய சர்வர் அதற்குள் பழுதாகியிருந்தால் என்னவாகியிருக்கும்? நண்பர்களே, நகல் எடுப்பது பாதி வேலை; மீட்டுப் பார்ப்பதே மறுபாதி.