முதலடி எடுத்துக் கொடுத்தவன்

சோழவரத்துக்கு வடக்கே, நெடுஞ்சாலையிலிருந்து மேற்கே பிரிந்தால் சிறுவாபுரி முருகன் ஆலயம். சொந்த வீடு வேண்டி ஆறு செவ்வாய்க்கிழமை வருவோரே மிகுதி. இத்தலத்தைத் திருப்புகழில் பாடியவர் அருணகிரிநாதர். வாழ்வை வெறுத்துத் திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து விழுந்த அவரை முருகன் தாங்கி, முதலடி எடுத்துக் கொடுத்தான் என்பது மரபு, கடிந்துகொண்டதாகக் கதையில்லை.

பத்தாம் வகுப்பில் தவறிய பிள்ளைகள் இப்பகுதியில் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைக் கூலியோடு படிப்பை மறந்துவிடுவதுண்டு. துணைத்தேர்வோ சில வாரங்களிலேயே வருகிறது. தவறிய பாடங்களை மட்டும் எழுதித் தேறினால் அவ்வாண்டே பதினொன்றாம் வகுப்பில் சேரலாம். "உனக்குப் படிப்பு வராது" என்று வீட்டிலேயே கேட்டவன் விண்ணப்பிக்கப் போவதில்லை. பாட்டனார் அருகில் அமர்ந்து, அவனுக்குத் தெரிந்த ஒரு கணக்கிலிருந்து தொடங்கி வைக்கலாம். விண்ணப்பிக்கும் நாளில் பள்ளிக்கு உடன் செல்லவும் செய்யலாம்.