கொழும்பு – லண்டன்: பயணச்சீட்டு சொல்லாத மணித்தியாலங்கள்

மகளின் பிரசவத்துக்குத் துணையாகவும், பேரப்பிள்ளையைப் பார்க்கவும் லண்டனுக்குத் தனியாக விமானம் ஏறும் தாய்மார் நம்மிடையே அநேகர். பயணச்சீட்டில் புறப்படும் நேரத்தையும் போய்ச் சேரும் நேரத்தையும் பார்த்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, "இவ்வளவுதானே!" என்று எண்ணிவிடுகிறோம். அந்தக் கணக்கு சரியாக வராது.

கட்டுநாயக்கவிலிருந்து லண்டன் ஹீத்ரோ விமான நிலையம் வரை வான்வழித் தூரம் சுமார் 8,700 கிலோமீற்றர். நேரடி விமானத்துக்கு ஏறக்குறைய 11 மணித்தியாலங்கள் தேவை. மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு ஏன் இவ்வளவு நேரம்? மேலேறவும் கீழிறங்கவும் நேரம் பிடிக்கிறது. பாதுகாப்பில்லாத வான்பரப்பைச் சுற்றிச் செல்லவும் நேரிடுகிறது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பலத்த காற்று வீசுவதால், போகும்போது அது எதிர்க்காற்றாகிறது. திரும்பும்போது அதே காற்று பின்னிருந்து தள்ளுவதால் பயணம் பெரும்பாலும் சற்றுக் குறையும்.

சீட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். குளிர்காலத்தில் லண்டன் நேரம் நம்மைவிட ஐந்தரை மணித்தியாலம் பின்தங்கியது. மார்ச் இறுதியிலிருந்து ஒக்டோபர் இறுதிவரை வித்தியாசம் நாலரை மணித்தியாலம். ஜனவரியில் பகல் 1 மணிக்குப் புறப்பட்டு, 11 மணித்தியாலம் பறந்து இறங்கினால் அங்கே மாலை 6.30. சீட்டின்படி ஐந்தரை மணித்தியாலம்தான். ஆனால் அம்மாவின் உடம்புக்கு அப்போது நள்ளிரவு!

நீரிழிவு உள்ளவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அன்றைய நாள் அவர்களுக்கு நீண்டுவிடுகிறது. இன்சுலினும் மாத்திரைகளும் எந்த நேரத்தில், எந்த அளவில் என்பதை முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மருந்துகளை வைத்தியரின் கடிதத்துடன் கைப்பையிலேயே வையுங்கள். பெட்டியில் போட்டால் விமானத்தின் அடிப்பகுதிக் குளிரில் இன்சுலின் உறைந்து கெட்டுப்போகலாம்.

அடுத்தது கால்கள். நான்கு மணித்தியாலங்களுக்கு மேல் அசையாமல் அமர்ந்து பயணம் செய்தால், காலின் ஆழ்நாளங்களில் இரத்தம் கட்டியாகும் ஆபத்து ஏறக்குறைய இரு மடங்காகும் என உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. பெரும்பாலானோருக்கு இது சிறிய ஆபத்துதான். ஆயினும் அடிக்கடி எழுந்து நடப்பதும், இருக்கையிலேயே கணுக்காலை அசைப்பதும், போதிய நீர் அருந்துவதும் நல்லது. முன்பு இரத்தக்கட்டி ஏற்பட்டவர்களும் அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்களும் வைத்தியரைக் கேட்காமல் புறப்பட வேண்டாம்.

டோஹா, டுபாய் வழியாக விமானம் மாறிச் செல்வதானால், அங்கே காத்திருக்கும் நேரத்தையும் கூட்டுங்கள். மூன்று மணித்தியாலம் முன்னதாக விமான நிலையத்தில் நிற்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வருபவருக்குக் கட்டுநாயக்க வந்து சேரவே ஓர் இரவு கழிந்துவிடும். விமானத்தில் ஏறும்போதே அவர் களைத்துப் போயிருப்பார்.

ஆகவே, அம்மாவை அனுப்பும் பிள்ளைகளே! சீட்டு விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல்வரை எத்தனை மணித்தியாலம் என்று கணக்கிடுங்கள். மருந்து, சாப்பாட்டு நேரங்களை இலங்கை நேரத்திலும் லண்டன் நேரத்திலும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். அந்த நீண்ட பயணத்தில் அதுவே அவருக்குத் துணை.