சங்கத் தலைவர் அமைச்சரான கதை தெரியுமா?

தெமோதரைக்காரர்களே, 1947இலேயே பதுளையிலிருந்து இலங்கை இந்திய காங்கிரஸ்காரர் ஒருவர் எம்.பி.யாகப் போனார், தெரியுமா? எஸ்.எம். சுப்பையா! அந்தத் தேர்தலில் காங்கிரஸில் வென்ற ஏழு பேரில் அவரும் ஒருவர். நுவரெலியாவில் வென்றவர் சௌமியமூர்த்தி தொண்டமான். மறு வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். பின்னாலேயே அவர்களுடைய ஓட்டும் பறிபோனது. 1952 தேர்தலில் ஏழில் ஒன்றுகூட மிஞ்சவில்லை!

தோட்டத் தொழிலாளர் சங்கத் தலைவரான அதே தொண்டமான் 1977இல் நுவரெலியா-மஸ்கெலியாவில் ஜெயித்து, 1978 செப்டம்பரில் அமைச்சரானார் தெரியுமா? ஜெயவர்த்தன, பிரேமதாச, விஜேதுங்க, சந்திரிகா என்று நாலு ஜனாதிபதிகளின் அமைச்சரவையிலும் இருந்தார்!

இதேபோல சங்கத்திலிருந்து அமைச்சரானவர் ஸ்வீடனில் குன்னார் ஸ்ட்ரெங் என்று ஒருவர். பண்ணையில் கூலிவேலை பார்த்து, பண்ணைத் தொழிலாளர் சங்கத்துக்கே தலைவராகி, 1945இல் அமைச்சரவைக்குள் போனவர். 1955 முதல் 1976 வரை நிதியமைச்சர்! ஆனால் அவருடைய ஆட்களுக்கு ஓட்டு இருந்தது. தொண்டமான் அமைச்சரானபோது அவருடைய ஆட்களில் லட்சக்கணக்கானோருக்கு ஓட்டே கிடையாது. என்னை அசரவைப்பது அதுதான்.

இன்னும் கேளுங்கள். அமைச்சராக இருந்துகொண்டே வேலைநிறுத்தத்தில் இறங்கினார்! 1984 ஏப்ரல். அதுவரை, இடுப்பில் படங்கு கட்டி, கூடைக்கயிறு நெற்றியில் அழுந்த, அட்டைக்கடியோடு கொழுந்தெடுத்த அம்மாவுக்கு, கவ்வாத்து வெட்டிய அப்பாவைவிடக் குறைந்த நாட்சம்பளம். இறங்கி வந்து ஸ்டோரில் கொழுந்து நிறுத்தாலும் அவள் பேருக்குக் காசு குறைவுதான். அந்த வேலைநிறுத்தத்துக்குப் பிறகு இருவருக்கும் ஒரே சம்பளம்! அவருடைய அமைச்சர் வாழ்க்கையில் இதற்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன்.

1986 தைப்பொங்கலன்று அவர் தொடங்கிய பிரார்த்தனைப் போராட்டம் தெரியுமா? வேலைக்குப் போகாமல் பிரார்த்தனை! நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டம் அந்த வருடமே வந்தது, 1988இல் இன்னொன்று.

கடைசியாக ஒன்று. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் நாடற்றவர்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்குபோட்டது. 150,000 பேரை அந்தரத்தில் விட்டது. கையெழுத்தான நாள் அக்டோபர் 30. தொண்டமான் அமைச்சராகவே காலமான நாளும், 1999இல், அதே அக்டோபர் 30!

உங்கள் லயத்துக் காம்பராவில், தாத்தாவின் பெட்டியடியில் பழைய பிரஜாவுரிமைச் சான்றிதழ் கிடந்தால் அதில் என்ன வருடம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். தயவுசெய்து தூக்கி எறிந்துவிடாதீர்கள்.