காற்று வனையும் குடம்

காவிரியின் கடைமடையாகிய காரைக்கால் பகுதியில், வரிச்சிக்குடி போன்ற சிற்றூர்களின் குழாயடிகளிலும் இன்று நெகிழிக் குடங்களைக் காணலாம். அத்தகைய குடம் ஒன்றைக் கவிழ்த்துப் பார்த்தால், அடிப்பகுதியில் நேர்கோடாக ஒரு தழும்பு தென்படும். அக்குடம் எவ்வாறு பிறந்தது என்பதை உணர்த்தும் சான்று அது.

ஊதிக் கலம் செய்யும் கலை நெகிழிக்கு மிகவும் முற்பட்டது. கி.மு. முதல் நூற்றாண்டளவில், கிழக்கு மத்தியதரைக் கடலோரத்தில் உருகிய கண்ணாடியைக் குழாய்நுனியில் ஏந்தி, மூச்சால் ஊதிக் கலங்கள் செய்தனர். நெகிழித் தொழிலில் மூச்சின் இடத்தை அழுத்தப்பட்ட காற்று பெற்றது. இம்முறையே ஊதுவார்ப்பு எனப்படும்.

குடம் செய்யப் பயன்படுவது பிதுக்க ஊதுவார்ப்பு. இதில் உருகிய பாலி எத்திலீன், இளகிய குழாயாகக் கீழ்நோக்கிப் பிதுக்கப்படும். இரு பாதி அச்சுகள் இருபுறமிருந்தும் வந்து மூடிக் குழாயின் அடியை நெரிக்கும். உள்ளே காற்றுப் புகுந்ததும் குழாய் உப்பி, அச்சின் குளிர்ந்த சுவரில் படிந்து இறுகும். நெரிபட்ட இடமே அத்தழும்பு. அங்கு ஒட்டுதல் சரியாக அமையாவிடில், நிறைகுடம் தவறி விழுந்தவுடன் முதலில் பிளப்பது அவ்விடமாகவே இருக்கும். மற்றொரு சிக்கலும் உண்டு. தொங்கும் குழாய் தன் எடையாலேயே மேற்புறம் மெலியும். குடத்தின் வயிறோ மிகுதியாக விரிவதால் மேலும் மெலியும். எனவே, குழாய் வெளிவரும்போதே பிதுக்குவாயின் இடைவெளியைக் கூட்டியும் குறைத்தும் தேவையான இடங்களில் கனம் சேர்க்கின்றனர். பதினைந்து லிட்டர் நீரை இடுப்பில் சுமப்பவருக்கு இக்கனக்கணக்கு சிறிய செய்தியன்று.

மருந்துக் குப்பிகளுக்கு உட்செலுத்து ஊதுவார்ப்பு ஏற்றது. கம்பியொன்றைச் சுற்றி முன்வடிவம் வார்த்து, பின்னர் ஊதுவதால், மூடி பொருந்தும் கழுத்து துல்லியமாக அமையும். அடியில் நெரிதழும்பும் இராது.

குடிநீர், சோடாப் புட்டிகள் நீட்சி ஊதுவார்ப்பில் உருவாகின்றன. சோதனைக்குழாய் போன்ற பெட் முன்வடிவத்தைச் சூடாக்கி, கோலால் நெடுக்காக நீட்டி, காற்றால் அகலமாக விரிப்பர். இருதிசை இழுவையால் மூலக்கூறுகள் ஒழுங்குபடுவதால், மெல்லிய சுவரே வாயு அழுத்தத்தைத் தாங்கும். நத்தானியேல் வைத் இத்தகைய புட்டிக்கு 1973இல் காப்புரிமை பெற்றார்.

இக்கலங்களின் அடியிலுள்ள முக்கோணத்தில் 1 என்னும் எண் பெட்டையும், 2 உயர் அடர்த்திப் பாலி எத்திலீனையும் குறிக்கும். இவ்விரண்டும் கலந்து உருகினால் நன்கு இணையா. ஆதலால், மறுசுழற்சிக்குமுன் குடத்தையும் புட்டியையும் தனித்தனியே பிரிக்கின்றனர்.