வீட்டிலிருந்தே இன்டர்வியூ: உங்கள் கம்ப்யூட்டர் தயாரா?

2020ல் வந்த கோவிட் ஊரடங்கிற்குப் பின், முதல் சுற்று இன்டர்வியூவை வீடியோ மூலம் நடத்துவது பல நிறுவனங்களில் வழக்கமாகிவிட்டது. இதற்காகப் பாடங்களை விழுந்து விழுந்து படிக்கும் பலர், இன்டர்வியூ நடக்கப் போகும் கம்ப்யூட்டரைக் கவனிப்பதில்லை. என் அலுவலகத்தில், கேள்வி கேட்பவர்களின் பக்கம் நானும் சில முறை அமர்ந்திருக்கிறேன். படம் மங்கலாக வந்தால் நாங்கள் பொருட்படுத்துவதில்லை. ஆனால் குரல் விட்டு விட்டு வந்தால், சரியான பதிலும் எங்களை வந்து சேராது. "மறுபடி சொல்லுங்கள்" என்று எத்தனை முறைதான் கேட்பது? எனவே முதல் கவனம் குரலுக்கு, பிறகுதான் படம். செய்ய வேண்டியவற்றை இங்கு வரிசையாகக் காணலாம்.

மைக் சோதனை

லேப்டாப்பில் உள்ள மைக் உங்கள் குரலோடு மின்விசிறிச் சத்தத்தையும் சேர்த்து எடுக்கும். வயருடன் கூடிய சாதாரண ஹெட்செட் போதும். புளூடூத் ஹெட்செட் பலவற்றில், மைக் இயங்கத் தொடங்கியதும் ஒலியின் தரம் குறையும். பாதியில் சார்ஜ் தீர்ந்துவிடும் பயமும் உண்டு.

விண்டோஸ் 11ல் ஸ்டார்ட், செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் எனச் செல்லுங்கள். இன்புட் பிரிவில் உங்கள் ஹெட்செட்டைக் கிளிக் செய்து, ஸ்டார்ட் டெஸ்ட் அழுத்திப் பேசிப் பாருங்கள். பின்னர் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பிரிவுக்குச் சென்று, மைக்ரோபோன், கேமரா இரண்டிற்கும் அனுமதி தரப்பட்டுள்ளதா எனப் பார்த்துக் கொள்ளுங்கள்.

இணைப்பும் மின்சாரமும்

ஸூம் நிறுவனம் தரும் கணக்குப்படி, இருவர் பேசும் தரமான வீடியோவிற்கு விநாடிக்கு 600 கிலோபிட் தேவை. குரலுக்கு மட்டும் என்றால் 60 முதல் 80 கிலோபிட் போதும். அதாவது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. எனவே லைன் தடுமாறினால், அனுமதி கேட்டுக் கொண்டு கேமராவை நிறுத்திவிடுங்கள். குரல் தப்பித்துவிடும்.

ரவுட்டரிலிருந்து கேபிள் மூலம் இணைப்பது நல்லது. முடியாவிட்டால் ரவுட்டர் இருக்கும் அறையிலேயே அமருங்கள்.

மின்சாரம் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், ரவுட்டர் ஓடாது. அதற்கு மொபைல் போனைத் தயாராக வைத்திருங்கள். ஆண்ட்ராய்டு போனை யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து, ஹாட்ஸ்பாட் பிரிவில் யு.எஸ்.பி. டெதரிங் என்பதை இயக்கினால் இணைப்பு கிடைக்கும். இதை முதல் நாளே ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.

நேரம் எது?

அமெரிக்க நிறுவனம் என்றால் இதில் ஒரு சிக்கல் உண்டு. மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அங்கு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறார்கள். நியூயார்க் நேரம் காலை 10 மணி என்பது, அந்த மாதங்களில் நமக்கு இரவு 7.30, மற்ற மாதங்களில் 8.30. அழைப்பில் இந்திய நேரம் இல்லையென்றால் கேட்டு உறுதி செய்யுங்கள்.

சாப்ட்வேர்

ஸ்கைப் 2025 மே 5 அன்று மூடப்பட்டுவிட்டது. இப்போது பெரும்பாலும் டீம்ஸ், ஸூம், கூகுள் மீட் ஆகியவைதான். அழைப்பில் உள்ளது எது எனப் பார்த்து, முன்கூட்டியே பதிந்து கொள்ளுங்கள். விண்டோஸ் அப்டேட் பிரிவில் பாஸ் அப்டேட்ஸ் கொடுத்துவிட்டால், நடுவில் ரீஸ்டார்ட் தொல்லை இராது. திரையைக் காட்டச் சொன்னால் முழுத் திரையையும் காட்டாமல், தேவையான விண்டோவை மட்டும் பகிருங்கள்.

ஒத்திகை

மேலே சொன்ன அனைத்தையும் ஒன்றாகச் சோதிக்க ஒரே வழி இதுதான். முதல் நாள், அதே நாற்காலி, அதே ஹெட்செட், அதே நேரத்தில் ஒரு நண்பரை வீடியோவில் அழைத்து 20 நிமிடம் பேசுங்கள். இரவு 7.30 என்றால் வீட்டில் டி.வி. சீரியல் ஓடும், குக்கர் விசில் அடிக்கும். எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்பதை நண்பர் சொல்வார். உங்கள் பேச்சைப் பதிவு செய்யச் சொல்லி நீங்களும் கேளுங்கள். வேகமாகப் பேசுகிறீர்களா, வார்த்தைகளை விழுங்குகிறீர்களா என்பது தெரிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை

இன்டர்வியூ என்ற பெயரில் பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று பணம் கேட்டாலோ, ஓ.டி.பி. கேட்டாலோ, அத்துடன் பேச்சை முடித்துக் கொள்ளுங்கள். பணத்தை இழந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

கேட்கப்படும் கேள்வி உங்கள் கையில் இல்லை. ஆனால் உங்கள் பதில் தெளிவாகப் போய்ச் சேருவது பெருமளவு உங்கள் கையில்தான் இருக்கிறது.