வர்ணங்களில் மறையும் சிறு கட்சிகள்

சட்டசபையில் எந்தப் பிரதிநிதி எந்தத் தீர்மானத்தை ஆதரித்தார், எதை எதிர்த்தார் என்பதைக் கட்சிவாரியாக வர்ணம் தீட்டிக் காட்டும் இணையதளம் ஒன்றை ராயக்கோட்டைவாசி ஒருவர் கைப்பேசியில் திறந்து பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். பெரிய கட்சிகள் பளிச்சென்று தெரியும். மேற்கே அண்டையிலுள்ள தளித் தொகுதியைத் தேடும்போதுதான் சங்கடம் ஆரம்பமாகும்.

2021 தேர்தலில் தளியில் வென்றவர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் டி. இராமச்சந்திரன். அச்சபையில் அக்கட்சிக்கு இருவர், மார்க்ஸிஸ்ட் கட்சிக்கு இருவர். இரண்டின் கொடியும் சிவப்பே. உறுப்பினருக்கு ஒன்றாக இடும் 234 புள்ளிகளுக்கு நடுவே இரு சிவப்புகளைப் பேதம் தெரியத் தீட்டுவது சிரமமென்று, நான்கையும் ‘இதரர்’ என்ற சாம்பல் நிறத்தில் ஒதுக்கிவிட்டால், தளி வாக்காளர் அளித்த தீர்ப்பே மங்கிவிடும். சிவப்பாகவே விட்டாலும் வேறொரு குழப்பம்: லோக்சபை வாக்கெடுப்பில் ஆதரவுக்குப் பச்சை, எதிர்ப்புக்குச் சிவப்பு, நடுநிலைக்கு மஞ்சள் என்று பொத்தான்கள் அமைந்திருப்பதால், அந்த முறைக்குப் பழகிய கண், தீர்மானத்தை ஆதரித்த கம்யூனிஸ்டையும் எதிர்த்தவராகவே எண்ணிவிடக் கூடும்.

இதைவிடச் சிக்கலானது இரவல் சின்னம். அதே தேர்தலில் தி.மு.க.வுக்குக் கணக்கெழுதப்பட்ட 133 பேரில், ம.தி.மு.க.வினர் நால்வர், மனிதநேய மக்கள் கட்சியினர் இருவர், கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி, தமிழக வாழ்வுரிமைக் கட்சி ஆகியவற்றுக்குத் தலா ஒருவர் என எண்மர், தி.மு.க.வின் உதயசூரியன் சின்னத்தில் நின்று வென்ற தோழமைக் கட்சியினர். 1985இல் அரசியல் சாசனத்தில் சேர்ந்த கட்சித்தாவல் தடைச் சட்டமோ, ஒருவரை வேட்பாளராக நிறுத்திய கட்சி எதுவோ அதையே அவருடைய கட்சியாகக் கொள்கிறது. சட்டத்தை அநுசரித்துத் தீட்டினால் இந்நான்கு கட்சிகளும் படத்திலிருந்தே மறைந்துவிடும். மேடைப் பேச்சை அநுசரித்தால் சட்டப்படி இல்லாத கட்சிகள் சபைக்குள் முளைத்துவிடும்.

ஆகவே, புள்ளியின் உள்நிறம் சொந்தக் கட்சியையும், அதைச் சுற்றிய வளையம் சின்னம் தந்த கட்சியையும், உள்ளே இடும் குறி அளித்த வாக்கையும் தனித்தனியே காட்டுவதே நியாயமான முறை. வாக்கைத் தனியே காட்டுவதன் அவசியத்துக்கு லோக்சபையிலிருந்து ஓர் உதாரணம்: 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாயி மந்திரிசபை 269க்கு 270 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்தபோது, தேசிய மாநாட்டுக் கட்சியின் சைபுதீன் சோஸ் தம் கட்சியின் கட்டளையை மீறி எதிர்த்து வாக்களித்தார். கட்சியின் வர்ணத்தை மட்டும் தீட்டும் படத்தில் அவர் அரசை ஆதரித்தவராகவே தோன்றுவார். சாம்பல் நிறம் பூசிய படத்திலோ, அரசைக் கவிழ்த்த வாக்குகளில் ஒன்று யாருடையது என்பதே தெரியாமல் போகும்.